உடலுக்குள் எழுதிய வரலாறு – 9: காட்டுக்கோழியிடம் இல்லாத ஏடு

சென்ற இதழில் ஆய்வாளர் பெய்ட்டன் றவுஸை நியூயோர்க்கில் விட்டிருந்தோம். 1909இல் அவரிடம் மார்பில் கட்டியோடு ஒரு பிளிமத் றொக் கோழி வந்தது. அந்தக் கட்டியை அரைத்து, கலமோ பக்ரீரியாவோ தாண்ட முடியாத வடிகட்டியில் வடித்து, வடிந்த நீரை வேறு கோழிக்கு ஏற்றினார். அதற்கும் கட்டி வந்தது. 1911இல் அவர் எழுதியதை அன்று பெரிதாக எடுத்தவர்கள் குறைவு. 1966இல், 87ஆவது வயதில், அதற்காகவே நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வடிநீரில் இருந்தது ஒரு ரெட்ரோவைரஸ். அதன் உறவுக்காரர்கள் கோழியின் உடலுக்குள்ளேயே குடியேறி, பரம்பரைச் சொத்தாகி, பிறகு அந்தச் சொத்தில் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு இன்னொரு வைரஸ் புதிதாகப் புறப்பட்ட கதைதான் இந்த அத்தியாயம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த ஆராய்ச்சி இது. ஆனாலும் அதன் ஒரு முக்கியமான சாட்சி இலங்கைக் காட்டில் வாழும் பறவை. ஆகவே முள்ளிக்குளத்தில் தொடங்குகிறேன்.

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், முசலிப் பிரிவில், கடலுக்கும் காட்டுக்கும் இடையே இருக்கிறது முள்ளிக்குளம். வடக்கே சிலாவத்துறை, அரிப்பு என்று முத்துக்குளிப்புக்குப் பேர்போன கரை. தெற்கே மோதரகம் ஆற்றைக் கடந்தால் வில்பத்து. கடற்றொழிலும் வயலுமாக வாழ்ந்த கத்தோலிக்கத் தமிழ்க் கிராமம். 2007 செப்டெம்பரில் ஊர் முழுவதும் வெளியேற்றப்பட்டது. வளவுகள் இருந்த இடம் கடற்படை முகாமானது. பக்கத்துக் காட்டோரம் கொட்டில் போட்டுக் காத்திருந்த மக்கள், 2017 மார்ச்சில் வீதியோரம் குந்தியிருந்து போராடி, ஒரு பகுதி நிலமாவது விடப்படும் என்ற வாக்கை ஏப்ரல் கடைசியில் பெற்றார்கள். ஊர்க்கோழி வளர்க்க முதலில் வளவு வேண்டும். சனம் எழும்பினால் கோழியும் எழும்பும். காட்டுக்கோழிக்கு அந்தக் கவலை இல்லை. அது ஆற்றங்கரைப் பற்றைக்குள் தன்பாட்டில் இருக்கும்.

இலங்கையின் தேசியப் பறவை அது. உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. 1831இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லெசன் அதற்கு லஃபயெட் பிரபுவின் பெயரை வைத்தார். சேவலைக் கிட்டப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கழுத்திலிருந்து மார்பு வரை செம்மஞ்சள் இறகு, செட்டையும் வாலும் கருநீலம் கலந்த ஊதா, தலையில் சிவந்த பூ. அந்தப் பூவின் நடுவில் மட்டும் மஞ்சளாக ஒரு திட்டு. ஊர்ச் சேவலின் பூவில் அந்த மஞ்சளைக் காண முடியாது. பேடு மங்கிய கபில நிறம், சருகுக்குள் இருந்தால் கண்ணுக்கே படாது. கூவலும் வேறு. ஊர்ச் சேவலின் நீண்ட கூவல் அதற்கு வராது, சின்னதாக வெட்டி நிறுத்திவிடும்.

உலகில் காட்டுக்கோழி நான்கு இனம். இந்தியாவின் வடக்கிலிருந்து தென்கிழக்காசியா வரை சிவப்புக் காட்டுக்கோழி. தென்னிந்தியாவில், நீலகிரி, ஆனைமலைப் பக்கம், சாம்பல் காட்டுக்கோழி. ஜாவாத் தீவுப் பக்கம் பச்சைக் காட்டுக்கோழி. நான்காவது நம்முடையது. உலகத்து வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் முக்கிய மூதாதை சிவப்புதான். ஆனால் பரம்பரை அவ்வளவு நேர்கோடு இல்லை. கோழியின் காலும் தோலும் மஞ்சளாவதற்குக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மஞ்சள் கால் நாட்டுக்கோழியைச் சந்தையில் தேடி வாங்கும்போது நாம் தேடுவது தென்னிந்தியக் காட்டின் எழுத்து ஒன்றை. அது இணைசேர்க்கையால் வந்தது. தாய் தந்தை வழியில் மரபணு கைமாறுவது எல்லாரும் அறிந்த சங்கதி. கோழியின் உடலில் வேறொரு வழியாகவும் எழுத்து ஏறியிருந்தது. அதைக் கண்டுபிடித்த விதம்தான் வியப்பு.

றவுஸின் வைரஸ் ஆர்என்ஏயால் ஆனது. கலத்தின் பரம்பரை எழுதப்பட்டிருப்பது டிஎன்ஏயில். இந்த வைரஸ் தன் எழுத்தை டிஎன்ஏயாக மாற்றிக் கலத்தின் டிஎன்ஏக்குள் செருகிக்கொள்கிறது என்று அமெரிக்கரான ஹவார்ட் டெமின் 1964இல் சொன்னார். டிஎன்ஏயைப் பார்த்து ஆர்என்ஏ எழுதப்படும், மறுபக்கமாக ஒருபோதும் நடக்காது என்று நம்பிய காலம் அது. கேட்டவர்களில் பெரும்பாலானோர் தலையாட்டவில்லை. 1970இல் டெமினும் சதோஷி மிசுத்தானியும் ஒரு பக்கம், டேவிட் பால்டிமோர் இன்னொரு பக்கம், தனித்தனியே அந்த நொதியத்தைப் பிடித்தார்கள். ஆர்என்ஏயைப் பார்த்து டிஎன்ஏ எழுதும் நொதியம். இப்படி எழுதிச் செருகிக்கொள்ளும் வைரஸ்தான் ரெட்ரோவைரஸ். இரண்டு கட்டுரைகளும் நேச்சர் சஞ்சிகையின் ஒரே இதழில் வந்தன. 1975இல் நோபல்.

இதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் வேறொரு புதிர் வளர்ந்துகொண்டிருந்தது. கோழிகளுக்கு வெண்குருதிப் புற்று உண்டாக்கும் வைரஸ் ஒன்று உண்டு. அதன் புரதம், வைரஸே தொற்றாத, நல்ல ஆரோக்கியமான முட்டைக் கருக்களிலும் தென்பட்டது. எல்லாக் கருவிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். ஹௌட்டன் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் எல். என். பெய்னும் ரொஜர் சப்பும் அந்தக் கோழிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தார்கள். பூவின் வடிவமும் இறகின் நிறமும் குஞ்சுக்கு இறங்கும் அதே மெண்டல் கணக்கில் அந்தப் புரதமும் இறங்கியது. 1968இல் அதை வெளியிட்டார்கள். தொற்றிப் பரவ வேண்டிய ஒன்று, சொத்து இறங்குகிற மாதிரி தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கியது.

லண்டனில் இளம் ஆய்வாளர் றொபின் வைஸ் இதே முடிச்சை வேறு நுனியில் பிடித்திருந்தார். அவர் கையில் இருந்த றவுஸ் வைரஸ் ஓர் ஊனமான வகை. தனக்கு வேண்டிய உறையைத் தானே செய்ய அதனால் முடியாது. உறை இல்லாமல் அடுத்த கலத்துக்குள் நுழையவும் முடியாது. ஆனால் சில கோழிகளின் கலத்தில் வளர்த்தால் அது எங்கிருந்தோ உறை ஒன்றைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தது. உறையைக் கொடுத்தது கோழிதான். கோழியின் டிஎன்ஏக்குள் முன்பே ஒரு வைரஸ் எழுதப்பட்டிருந்தது. வைஸும் பெய்னும் 1971இல் அந்தப் பரம்பரைத் தன்மையைச் சேர்ந்து எழுதினார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் பீற்றர் வோக்ற்றும் ஆர். ஆர். ஃப்ரிஸும், தொற்றே இல்லாத கோழிக் கலங்களிலிருந்து முழு வைரஸ் வெளிவருவதைக் காட்டினார்கள். அதற்கு ஆர்ஏவி-0 என்று பெயர். இனி வசதிக்காக இந்த வகையை மரபுவழி வைரஸ் என்றும், கோழிக்குக் கோழி தொற்றுவதைத் தொற்று வைரஸ் என்றும் சொல்கிறேன்.

அடுத்த கேள்வி: இந்த எழுத்து எப்போது ஏறியது? பண்ணையில் அடைத்து வளர்த்ததால் வந்த வினையா, காட்டிலேயே இருந்ததா? வைஸ் மலாயாக் காட்டுக்குப் போனார். அந்தக் காட்டின் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்கள் கண்ணிவைத்துச் சிவப்புக் காட்டுக்கோழிகளைப் பிடித்துக்கொடுத்தார்கள். பி. எம். பிக்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய மலாயாக் கட்டுரை 1972இல் வந்தது. காட்டிலேயே பிறந்து வளர்ந்த சிவப்புக் கோழியிலும் மரபுவழி வைரஸ் இருந்தது. அந்த மக்களின் காட்டறிவு இல்லாமல் இந்த முடிவு கிடைத்திருக்காது என்பதை நம் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டும். விஞ்ஞான வரலாற்றில் கண்ணி வைத்தவரின் பெயர் வருவதில்லை.

1979இல்தான் இலங்கைக் கோழி மேடைக்கு வருகிறது. ஃப்ரிஸ்பி, வைஸ் முதலானோர் செல் என்ற சஞ்சிகையில் எழுதிய கட்டுரை அது. நான்கு காட்டுக்கோழி இனங்களின் டிஎன்ஏயும் பல கோழிக் குடும்பப் பறவைகளின் டிஎன்ஏயும் வரிசையில் வைக்கப்பட்டன. ஆர்ஏவி-0இன் எழுத்து வீட்டுக்கோழியில் இருந்தது. சிவப்புக் காட்டுக்கோழியில் இருந்தது. சாம்பலில் இல்லை, பச்சையில் இல்லை, இலங்கைக் கோழியிலும் இல்லை. உறவு நெருக்கத்துக்கும் இந்த எழுத்தின் பரவலுக்கும் பொருத்தம் இல்லை என்று கட்டுரையின் தலைப்பே சொல்கிறது.

இதன் பொருள் தெளிவு. நான்கு இனமும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்து சில பத்து இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. பிரிந்த பிறகுதான் சிவப்புக் கோழியின் முன்னோருக்கு அந்தத் தொற்று வந்திருக்கிறது. ஏதோ ஒரு பறவையின் முட்டையாகவோ விந்தாகவோ மாறப்போகும் கலத்துக்குள் வைரஸ் நுழைந்து, தன் எழுத்தைச் செருகி, அந்தக் கலம் குஞ்சாகி, குஞ்சு வளர்ந்து, வழிவழியாக அது எல்லாருக்கும் பொதுச் சொத்தானது. இலங்கைக் கோழியின் முன்னோர் அந்த வழியில் வரவில்லை. முள்ளிக்குளத்து வளவில் கொத்தித் திரியும் ஊர்க்கோழிக்கும் ஆற்றுக்கு அப்பால் கூவும் சேவலுக்கும் இடையே, பூவின் மஞ்சள் திட்டைவிட ஆழமான வேற்றுமை இதுதான். ஒன்றின் ஏட்டில் இடைச்செருகல் உண்டு, மற்றதில் இல்லை.

ஏடு என்று சொன்னதால், ரெட்ரோவைரஸ் எழுத்தைக் கலக்கும் விதத்தையும் அதைக்கொண்டே சொல்லிவிடலாம். ஒரு நூலைப் பெயர்த்தெழுதுபவர் முன்னால் இரண்டு சுவடி இருக்கிறது. ஒன்றைப் பார்த்து எழுதிக்கொண்டே போகிறார். நடுவில் ஓலை முறிந்திருக்கிறது, அல்லது செல்லரித்திருக்கிறது. எழுத்தாணியை நிறுத்தாமல் மற்றச் சுவடியில் அதே இடத்தைப் பிடித்துத் தொடர்கிறார். முடிந்த ஏட்டில் முதற்பாதி ஒரு சுவடியின் பாடம், மறுபாதி இன்னொன்றின் பாடம். இரண்டு மூலமும் ஒரே வாசகமென்றால் கலந்தது யாருக்கும் தெரியாது. பாடபேதம் இருந்தால்தான், எங்கே கைமாறியது என்று பின்னாளில் பதிப்பாசிரியர் பிடிப்பார்.

ரெட்ரோவைரஸின் ஒவ்வொரு துகளுக்குள்ளும் ஆர்என்ஏ இரண்டு பிரதியாக இருக்கும். பெரும்பாலான வைரஸ்களுக்கு இந்த இரட்டைப் பிரதி இல்லை. ஒரு கலத்தில் இரண்டு வேறு வைரஸ்கள் ஒரே நேரத்தில் குடியிருந்தால், வெளியேறும் துகள் ஒன்றுக்குள் ஒன்றின் பிரதியும் மற்றதன் பிரதியும் சேர்ந்து பொதியப்படலாம். அந்தத் துகள் அடுத்த கலத்துக்குள் போனதும் நொதியம் எழுதத் தொடங்கும். எழுதி முடித்த ஆர்என்ஏயை அது பின்னாலேயே அரித்துக்கொண்டும் வரும். ஆகவே புதிதாக எழுதிய டிஎன்ஏ இழையின் நுனி பழைய பிரதியை விட்டுக் கழன்று, பக்கத்துப் பிரதியில் அதே வாசகத்தைத் தேடி ஒட்டிக்கொள்வது எளிது. ஆர்என்ஏயில் முறிவு இருந்தால் நொதியம் கட்டாயம் தாவித்தான் ஆக வேண்டும் என்று ஜோன் கொஃபின் 1979இல் விளக்கினார். முறிவு இல்லாமலும் தாவும் என்று பின்னர் தெரிந்தது. டெமினின் ஆய்வுகூடத்தில் வெய்-ஷாவ் ஹூ, வைரஸை ஒரே ஒரு பெருக்கச் சுற்றோடு நிறுத்திவைத்து இதைச் சோதித்தார். ஒரு துகளில் இரு வேறு பிரதிகள் இருந்தபோதே கலப்பு கணிசமாக நடந்தது. 1990இல் வந்த முடிவு அது.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது இன்னொன்று. தாவல் இந்த நொதியத்துக்குத் தற்செயலாக வந்த பழக்கம் இல்லை. ரெட்ரோவைரஸ் தன் டிஎன்ஏயை எழுதி முடிக்க, வேறு வைரஸ் பக்கத்தில் இல்லாவிட்டாலும், இரண்டு இடத்தில் தாவியே தீர வேண்டும். எழுத்துத் தொடங்குவது ஆர்என்ஏயின் ஒரு முனைக்கு அருகில். சிறிது தூரத்திலேயே ஓலை தீர்ந்துவிடும். அங்கிருந்து மறுமுனைக்குத் தாவினால்தான் மீதியை எழுதலாம். இப்படித் தாவுவதையே பிழைப்பாகக் கொண்ட ஒன்று, வழியில் வேறொரு பிரதியைக் கண்டால் அதற்கும் தாவுகிறது. உருமாறுவது இதன் பிறவிக்குணம்.

பக்கத்தில் இருக்கும் பிரதி இன்னொரு தொற்று வைரஸாக இருக்க வேண்டும் என்பதில்லை. கோழியின் சொந்த டிஎன்ஏயிலிருந்து வந்த மரபுவழி வைரஸின் பிரதியும் துகளுக்குள் ஏறலாம். வைஸும் மேசனும் வோக்ற்றும் 1973இல் இதைக் காட்டினார்கள். தொற்று வைரஸ் கோழியின் மரபுவழி வைரஸோடு கலந்து, அதன் உறையை நிரந்தரமாகத் தனதாக்கிக்கொண்டது. முன்பு வைஸ் கண்டது இரவல் உறை, ஒரு தலைமுறையோடு சரி. இது பரம்பரைக்கும் எழுதி வாங்கிய உறை.

வைரஸ் எழுத்தோடு கொள்வினை கொடுப்பினை நிற்கவுமில்லை. றவுஸ் வைரஸில் புற்றை உண்டாக்கும் மரபணுவுக்கு சார்க் என்று பெயர். 1976இல் ஸ்தெலின், வார்மஸ், பிஷப், வோக்ற் நால்வரும் அதன் மூலத்தைத் தேடியபோது, அது சாதாரணக் கோழியின் சாதாரண மரபணுவாகவே இருந்தது. வேறு பறவைகளிலும் அது உண்டு. வைரஸ் எப்போதோ அதைக் கலத்திலிருந்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. பிஷப்பும் வார்மஸும் 1989இல் நோபல் பெற்றார்கள். நால்வரில் இருவருக்கு மட்டும் பரிசு போனது பற்றி அன்று ஸ்தெலின் வெளிப்படையாகவே வருந்தினார். அந்த வருத்தம் நியாயமானது என்பது என் எண்ணம்.

இதற்கு நேரடிச் சாட்சி ஹிதேசபுரோ ஹனாஃபுசா. சார்க்கின் பெரும்பகுதி அறுந்துபோன, புற்று உண்டாக்க முடியாத வைரஸைக் கோழிகளுக்கு ஏற்றினார். சில கோழிகளுக்குக் காலம் கழித்துக் கட்டி வந்தது. கட்டியிலிருந்து எடுத்த வைரஸில் சார்க் முழுமையாக இருந்தது. இழந்த துண்டை அது கோழியிடமிருந்தே மீட்டுக்கொண்டது. 1977இல் அவர் இதை எழுதினார். திருட்டு நடந்தது என்பதற்கு முதற்சான்று வார்மஸ் குழுவுடையது, திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்தவர் ஹனாஃபுசா.

மரபுவழி வைரஸ்களுக்கு ஈவி என்று பெயரிட்டு, கோழியின் டிஎன்ஏயில் அவை இருக்கும் இடங்களை சூசன் அஸ்ற்றின் எண்ணிட்டுப் பட்டியலாக்கினார். அவை இல்லாமல் கோழி வாழுமா? மிச்சிகனில் ஈவி எதுவுமே இல்லாத கோழிகளைத் தெரிந்து சேர்த்து ஒரு வழியை உருவாக்கினார்கள். அதற்குப் பூச்சியம் வழி என்று பெயர். அவை நன்றாக வளர்ந்தன, முட்டையிட்டன, குஞ்சு பொரித்தன. உயிருக்குத் தேவையற்றது என்று முடிவானது. அதற்காக விளைவே இல்லை என்று சொல்ல முடியாது. குஞ்சு பொரிக்கும் நிலையங்களில் ஒருநாள் குஞ்சின் செட்டையை விரலால் விரித்துப் பார்ப்பார்கள். செட்டையின் கீழ்வரிசை இறகு மேல்வரிசையைவிட நீண்டிருந்தால் பேடு, இரண்டும் ஒரே அளவென்றால் சேவல். இறகு பிந்தி முளைக்கும் குணத்தைப் பயன்படுத்தும் கணக்கு இது. அந்தக் குணம் இருக்கும் இடத்தில்தான் ஈவி-21 என்ற மரபுவழி வைரஸும் குந்தியிருக்கிறது. ஒரு தொழிலே அந்த இடத்தை நம்பி நடக்கிறது. தென்னமெரிக்காவின் அரொக்கானா கோழி நீலப்பச்சை முட்டையிடுவதும் ஒரு ரெட்ரோவைரஸ் செருகலால்தான். 2013இல் அது தெரிந்தது. செபிறைற் என்ற இனத்தில் சேவலுக்கும் பேட்டின் இறகு முளைப்பதும் அவ்வாறே.

பூச்சியம் வழிக் கோழிகள் ஒரு பழைய ரகசியத்தையும் வெளியிட்டன. ஈவிகள் விலகியதும், அவற்றின் சத்தத்தில் அமிழ்ந்திருந்த இன்னொரு குடும்பம் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு ஈஏவி என்று பெயர். சிதைந்த, துண்டு துண்டான, மிகப் பழைய எழுத்து. 1990இல் அதன் பரவலைத் தேடினார்கள். காட்டுக்கோழிப் பேரினம் முழுவதிலும் அது இருந்தது. இனங்கள் பிரியும் முன்பே ஏறிய எழுத்து. ஆகவே புதிய இடைச்செருகல் இல்லாத இலங்கைக் காட்டுக்கோழியும் தூய ஏடு அன்று. அதைவிட முந்திய தொற்று ஒன்றின் எச்சம் வில்பத்துச் சேவலின் ஒவ்வொரு கலத்திலும் இருக்கிறது.

செத்த எழுத்து, சும்மா கிடக்கட்டும் என்று விட்டுவிடலாமா? இங்கிலாந்தின் இறைச்சிக்கோழிப் பண்ணைகள் அதற்கு விடை சொல்லின. 1980களின் கடைசியில் பெய்னும் அவர் கூட்டத்தாரும் இறைச்சிக்கான கோழி வழிகளில் புதுவகை வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அதுவரை தெரிந்த எந்தப் பிரிவிலும் அதன் உறை அடங்கவில்லை. ஜே என்று புதிய பிரிவு வைத்து 1991இல் எழுதினார்கள். அது உண்டாக்கிய புற்று எலும்பு மச்சையிலிருந்து தொடங்கும். செத்த கோழியைப் பிளந்தால் விலா எலும்புகளின் உட்புறத்திலும் நெஞ்செலும்பிலும் வெளிறிய மஞ்சளில், விரலால் அழுத்தினால் உதிரும் முடிச்சுகள். 1990களில் உலகின் இறைச்சிக்கோழித் தொழிலுக்குப் பேரடி விழுந்தது. நாம் பிறொயிலர் என்று வாங்கும் கோழியின் பாட்டன் பாட்டிகள் உலகில் மிகச் சில நிறுவனங்களிடமே இருப்பதால், ஒரு வழியில் விழுந்த நோய் முட்டை வழியே நாடு நாடாகப் போகும்.

1995இல் பாய், பெய்ன், ஸ்கின்னர் மூவரும் அதன் எழுத்தை வாசித்தார்கள். உடலின் பெரும்பகுதி வழக்கமான தொற்று வைரஸ். உறை மரபணு மட்டும் அந்தப் பழைய ஈஏவி குடும்பத்துடையது. வேணுகோபால் நாயர் உள்ளிட்ட, இங்கிலாந்தின் கொம்ப்ரன் ஆய்வாளர்கள் சில ஆண்டுகளில் இன்னும் கிட்ட நெருங்கினார்கள். கோழி டிஎன்ஏயில் ஈஏவி-எச்பி என்ற செருகல்களில், ஜே வைரஸின் உறையோடு ஏறத்தாழ எழுத்துக்கு எழுத்து ஒத்த உறை கிடந்தது. நொதியம் எங்கோ ஒரு பண்ணைக் கோழியின் கலத்தில் புதுச் சுவடியிலிருந்து பழஞ்சுவடிக்குத் தாவி, மறுபடியும் புதியதற்குத் திரும்பியிருக்கிறது. யுகங்களாகக் கிடந்த எழுத்துக்கு மறுபடியும் கோழிக்குக் கோழி போகும் வலு வந்தது.

கொடுமை இதோடு நிற்கவில்லை. கரு வளரும்போதே ஈஏவி-எச்பியின் உறைப்புரதம் தென்படுவதால், கோழியின் நோயெதிர்ப்பு அதைத் தன் உடம்பென்று பழகிவிடும் வாய்ப்பு உண்டு. பின்னால் ஜே வைரஸ் அதே உறையோடு வரும்போது எதிர்ப்பு எழாது. வைரஸை இரத்தத்தில் சுமந்துகொண்டு, எதிர்ப்பொருள் இல்லாமல், முட்டையில் இறக்கிக்கொண்டே இருக்கும் கோழிகள் ஏராளம். தடுப்பூசி இன்றுவரை கைகொடுக்கவில்லை. நிறுவனங்கள் செய்தது பழைய வழி: மூலக் கோழிகளின் முட்டை வெள்ளையில் வைரஸ் புரதத்தைத் தேடுவது, கண்டால் அந்தக் கோழியை விலக்குவது, தலைமுறை தலைமுறையாக. அதிலும் சிக்கல். மரபுவழி வைரஸும் அதே புரதத்தைச் செய்யும். தொற்றா, பரம்பரையா என்று சோதனை எளிதில் பிரித்துச் சொல்லாது. பெய்னும் சப்பும் 1968இல் கண்ட அதே புதிர், பண்ணைக் கணக்கேட்டில் நட்டமாகத் திரும்பி வந்தது. பெரிய நிறுவனங்கள் பொறுமையாகச் சலித்து எடுத்துவிட்டன. சீனாவில் 2000களின் பிற்பகுதியில் முட்டைக்கோழிகளுக்கும் அங்கத்தைய நாட்டுக் கோழிகளுக்கும் அது பரவியது.

நோய் வெளியிலிருந்து வருவது, பரம்பரை உள்ளிருந்து வருவது என்று நாம் பிரித்துப் பேசிப் பழகியிருக்கிறோம். கோழியின் விடயத்தில் அந்தப் பிரிவு தாங்கவில்லை. மனிதனின் டிஎன்ஏயிலும் ஏறத்தாழ 8 விழுக்காடு ரெட்ரோவைரஸ்களின் எச்சம். நஞ்சுக்கொடி உருவாவதில் பங்குள்ள ஒரு புரதம் பழைய வைரஸ் ஒன்றின் உறைப்புரதம் என்று 2000இல் தெரியவந்தது. அதைச் சுமக்காத தாய் இல்லை.

மனிதரிடையே இன்று தொற்றிப் பரவும் ரெட்ரோவைரஸ்களில் மிகக் கொடியது எச்ஐவி. அதன் நொதியமும் தாவுகிறது, ஒரே பெருக்கச் சுற்றில் பல தடவை. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டார்கள். மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. 1999இல் புனேயின் கவிதா லோலேயும் அமெரிக்க ஆய்வாளர்களும் இந்தியாவின் எச்ஐவி எழுத்தை முழுமையாக வாசித்தபோது, பெரும்பாலானவை சி வகை. ஒன்றில் மட்டும் ஏ வகையும் சி வகையும் மாறிமாறி வந்தன. எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட ஸ்ரூவட் றே எழுதிய கணினி நிரலை இன்று உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். அடுத்த இதழில் சென்னையிலிருந்து வேலூருக்குப் போன அந்தக் குருதி மாதிரிகளோடு தொடங்குவோம்.

(தொடரும்)